வீட்டுப் பேரு

மொகிலிக் கணவாயிலிருந்து பங்காருபாளையத்துக்கு இறங்கும் சாலையின் ஓரமாகக் கேபிள் பள்ளம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். மூன்றடி ஆழம் போக வேண்டும். முதல் அடி மண், அடுத்தது சரளை, அதற்குக் கீழே யாருக்கும் வழிவிடாத பாறை. மாங்காய் சீசன் என்பதால் லாரிகள் முக்கிக்கொண்டு மேலேறின. அவை போன பிறகும் பழ வாசனையும் டீசல் புகையும் பள்ளத்துக்குள் தேங்கி நின்றன. முனிரத்தினம் இடுப்பளவு ஆழத்தில் நின்று கடப்பாரையைப் போட்டான். ஒவ்வொரு போட்டுக்கும் கல் ஒரு சின்னப் பொறியைத் துப்பியது. ரிஜிஸ்டர் கணக்குப்படி பன்னிரண்டு வருஷமாக டெலிபோன் இலாகாவின் தினக்கூலி மஜ்தூர் அவன். உள்ளங்கை, தோல் செருப்பின் அடிப்பக்கம் போல ஆகியிருந்தது.

லைன் இன்ஸ்பெக்டர் ரமணா மொபெட்டை நிறுத்தி, சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்தார்.

"ஏமப்பா முனிரத்தினம், கடப்பாரய கீழ வையி. லிஸ்ட் ஒச்சிந்தி, வந்துடுச்சி. பர்மனென்ட்."

"யாருக்கு சார்?"

"நீக்கேப்பா, உனக்குத்தான். இலாகாவே கம்பெனியா மாறப் போவுது. அதுக்கு முன்னால பழைய மஜ்தூருங்கள எடுத்துடணும்னு பெரிய ஆபீஸ்ல உத்தரவு. இதான் கடைசி லிஸ்ட். இதுக்கப்பறம் நீ தலகீழா நின்னாலும் உள்ள வர முடியாது." கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படித்தார். "பதினொண்ணாவது நம்பர். குட்டியப்பன் முனிரத்தினம்."

மண் கூடையோடு நின்ற ஜெயம்மா சிரித்துவிட்டாள். "குட்டியப்பனா? அது பெங்களூருக்குப் போச்சே, இவரு தம்பி. அவன வீட்டுல கூப்புடற பேராச்சே அது."

ரமணா சிரிக்கவில்லை. "இண்டி பேருன்னு ரிஜிஸ்டர்ல அதான் கீது. பன்னெண்டு வருசமா அதான் கீது. திங்கட்கெழம திருப்பதி ஆபீஸுக்கு வா. வீட்டாளு ஒருத்தர கூட்டிக்கினு வா. குட்டியப்பன்றது நீதான்னு அவுங்க சொல்லணும். பேருல சந்தேகம்னு எழுதிட்டா அவ்ளோதான், அடுத்த ஆளுக்குப் பூடும்."

அவர் போன பிறகு முனிரத்தினம் கடப்பாரையை எடுக்கவில்லை. பள்ளத்தின் விளிம்பில் கை வைத்துக்கொண்டு நின்றான். குட்டியப்பன் என்ற பேர் அந்த ரிஜிஸ்டருக்குள் எப்படிப் போனது என்று அவனுக்குத் தெரியும்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன் மேஸ்திரி அவன் பேரைத்தான் ஆள் கணக்கில் கொடுத்திருந்தார். பேர் ஏற்றும் நாளில் அவன் மாங்காய் லாரியில் கிளீனராக மெட்ராஸ் போயிருந்தான். பத்தொன்பது வயசுத் தம்பி ஜெயச்சந்திரனை வரிசையில் நிறுத்தி, பேர் கேட்டால் முனிரத்தினம் என்று சொல்லு என்று சொல்லிவைத்தார்கள். சொன்னான். எழுதுகிறவர் தெலுங்குக்காரர். ஆந்திராவில் எல்லோருக்கும் பேருக்கு முன்னால் குடும்பப் பேர் ஒன்று உண்டு என்பது அவர் நினைப்பு. "இண்டி பேரு ஏமி?" என்று கேட்டார். தமிழ்ச் சேரியில் பிறந்தவனுக்குக் குடும்பப் பேர் ஏது? அப்பா பேரின் முதலெழுத்துதான். இண்டி என்றால் வீடு. வீட்டுப் பேரைத்தான் கேட்கிறார், வீட்டில் கூப்பிடும் பேரை, என்று நினைத்துக்கொண்டான். குட்டியப்பன் என்றான். அவர் எழுதிக்கொண்டார். முதல் பாதி தம்பி, இரண்டாம் பாதி அண்ணன். அப்படி ஒரு மனிதன் அன்று காகிதத்தில் பிறந்தான்.

முதல் மூன்று வருஷம் அந்தப் பேரில் தம்பி பள்ளம் வெட்டினான். பிறகு அவன் பெங்களூருக்குக் கிளம்ப, லாரியை விட்டுவிட்டு அண்ணன் வந்து இறங்கினான். ஆள் மாறியதை யாரும் எழுதவில்லை. பேர் மாறவில்லையே.

சாயங்காலம் தாட்சாயணி கேழ்வரகுக் களி கிண்டிக்கொண்டிருந்தாள். இரண்டு கால்களாலும் பானையை அணைத்துப் பிடித்து, கோலை இரண்டு கையாலும் சுற்றினாள். முனிரத்தினம் சொல்லி முடிக்கும் வரை அவள் கோல் நிற்கவில்லை.

"அவன வரச் சொல்லப் போறேன்" என்றான்.

"யார? குட்டியப்பனயா?"

"அவன்தான் வீட்டாளு. அவனே வந்து, குட்டியப்பன் எங்க அண்ணன்தான்னு சொல்லிட்டா அதுக்கு மேல இன்னா சாட்சி?"

தாட்சாயணி கோலை நிறுத்தினாள். "உனுக்கு மூள கீதா? அவன் பேர அவன் வாயாலயே உனுக்குக் குடுன்னு கேப்பியா?"

"தம்பிதான?"

"தம்பின்னாதான் பயமா கீது."

அவள் பேச்சை அவன் கேட்கவில்லை. பஸ் ஸ்டாண்டு எஸ்.டி.டி. பூத்துக்குப் போய், பெங்களூரில் தம்பி குடியிருக்கும் சந்தில் உள்ள மளிகைக் கடைக்குப் போன் போட்டான். ஒன்பது வருஷமாகக் கேபிள் புதைத்தவன் அதில் பேசுவது அது மூன்றாவது தடவை. நடுவில் இருக்கும் மலைகள், ஏரிகள், தான் வெட்டிய பள்ளங்கள் எல்லாவற்றுக்கும் அடியிலிருந்து தம்பியின் இருமல் முதலில் வந்தது. பிறகு குரல். முழுவதையும் கேட்டுவிட்டு அவன், "வரேன்ணா" என்று மட்டும் சொன்னான்.

சனிக்கிழமை மாலை வந்தான். மார்பிள் பாலிஷ் வேலை. புருவத்திலும் காது மடலிலும் வெள்ளைத் தூள் குளித்தும் போகாமல் ஒட்டியிருந்தது. தாட்சாயணி கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தபோது அவனுக்குப் பதினைந்து வயசு, மாமியார் படுக்கையில். சோறு போட்டு, அம்மை போட்டபோது வேப்பிலை விசிறி, அவனை ஆளாக்கினவள் அவள்தான். வாசலில் பார்த்ததும், "குட்டியப்பா, இன்னாடா இப்பிடி எளச்சிட்ட?" என்றாள்.

"தூளு அண்ணி. மூக்கால போவுது, வெளிய வரமாட்டேங்குது."

"சுமித்ரா எப்பிடி கீறா?"

"ஆறாவது மாசம்."

"கைய கழுவிக்கினு வா. துன்னு மொதல்ல. அப்பால பேசலாம்."

மேற்கே மலைக்கு மேல் மேகம் கறுத்துப் புழுதிக் காற்று வந்தது. அடுத்த தோப்பில் காய்கள் தொப்தொப்பென்று விழுந்தன. அண்ணனும் தம்பியும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். களி உருண்டை, மாங்காய் போட்ட கருவாட்டுக் குழம்பு. இரண்டு பெண் குழந்தைகளும் சித்தப்பா கொண்டுவந்த பன்னை வைத்துக்கொண்டு கதவோரம் நின்றன. ஜெயச்சந்திரன் இரண்டு வாய் தின்றான். பிறகு இடது கையால் பைக்குள்ளிருந்து பத்திரக் காகிதத்தை எடுத்து அண்ணன் முன்னால் வைத்தான்.

"இன்னாது இது?"

"சித்தூர்ல எறங்கி எழுதிக்கினு வந்தேன். நோட்டரி சீல் கீது பாரு. ஜெயச்சந்திரன் என்கிற குட்டியப்பன் முனிரத்தினம். நான்தான்."

முனிரத்தினத்தின் கை குழம்பிலேயே நின்றது. "முனிரத்தினம் நானுடா."

"நீதான். யாரு இல்லன்னா? ஆனா ரிஜிஸ்டர்ல ஏறுனது நான். வரிசையில நின்னது நான்."

"ஒம்போது வருசம் வெட்டுனது நானு."

"மொத மூணு வருசம்? மொகிலியில பள்ளம் சரிஞ்சி கழுத்து வரைக்கும் மூடிச்சே, அது யாரு? அன்னிக்கி செத்திருந்தா உன் பேருல செத்திருப்பேன். பொணத்தக் கூட உன் பேருல குடுத்திருப்பாங்க. மெட்ராஸ்ல நீ மாங்கா எறக்கிக்கினு இருந்த."

"எல்லாரும் சேந்து இழுத்துப் போட்டாங்கல்ல? சாவலல்ல?"

"சாவலன்றதுதான் உனுக்குக் கொறையா?"

"நாக்க அடக்கிப் பேசு."

"நெஞ்சுல தூளு ஏறிப்போச்சிணா. டாக்டர் வேற வேல பாருன்றான். எனுக்கு வேற வேல எங்க கீது? நீ கல்லு மாதிரி கீற. ஒடச்சித் துன்னலாம். எனுக்கு இது ஒண்ணுதான்."

"எனுக்கு ரெண்டு பொட்டப் புள்ளைங்க."

"எனுக்கும் வந்துக்கினு கீது ஒண்ணு."

முனிரத்தினம் எச்சில் கையாலேயே பத்திரத்தை எடுத்தான். கிழிப்பான் என்று தம்பி நினைக்கவில்லை. நான்காகக் கிழித்துக் குழம்பில் போட்டான்.

ஜெயச்சந்திரன் தட்டை எடுத்து அண்ணன் முகத்தில் அடித்தான். பித்தளைத் தட்டின் விளிம்பு புருவத்தைப் பிளந்தது. அதன் பிறகு நடந்ததில் யார் முதலில் எழுந்தார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. முனிரத்தினம் தம்பியின் கழுத்தைப் பிடித்துச் சுவரில் மோதினான், மண் உதிர்ந்தது. அவன் அண்ணனின் கையைக் கடித்தான், பல் எலும்பில் பட்டது. கதவோரம் பன் விழுந்து உருண்டது. முனிரத்தினம் மூலையிலிருந்த மண்வெட்டியைத் திருப்பிப் பிடித்துக் காம்பால் வீசினான். தம்பியின் வாயில் பட்டது. இரண்டு பற்கள் தரையில் சோளம் போல விழுந்தன. விழுந்தவன் எழுந்து அம்மிக் குழவியைத் தூக்கினான்.

"குட்டியப்பா, வேணாம், போடுறா கீழ. குட்டியப்பா" என்று தாட்சாயணி நடுவில் வந்தாள்.

அந்தப் பேர் காதில் விழுந்ததும் அவன் கை ஒரு கணம் தாழ்ந்தது. அந்த ஒரு கணத்தில் முனிரத்தினம் அடுப்பிலிருந்த களிப் பானையைத் தூக்கி எறிந்தான். அது தம்பி மேல் படவில்லை. கொதிக்கும் களி தாட்சாயணியின் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை அப்பிக்கொண்டது. களி தண்ணீர் போல வழிந்து போகாது. பிடித்த இடத்தை விடாது. அவள் அதை வழித்தபோது தோலும் கூட வந்தது.

இரண்டு ஆண்களும் மூச்சிரைத்துக்கொண்டு நின்றார்கள். வெளியே மழை கூரையில் இறங்கியது.

"இன்னும் அடிச்சிக்கோங்க" என்றாள் அவள், பல்லைக் கடித்துக்கொண்டு. "ஒருத்தன் செத்தா ஒருத்தனுக்கு வேல. கணக்கு சரியாப் பூடும்."

ஜெயச்சந்திரன் அன்று ஜெயம்மா வீட்டில் படுத்தான். ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஊர் இரண்டு வீட்டுக்கும் நடுவில் நடந்தது. பாதியாய்ப் பிரிங்கடா என்றார்கள் சிலர். கவர்மெண்டு வேலையை எந்தக் கத்தியால் பிரிப்பது என்று யாரும் சொல்லவில்லை. தாட்சாயணி கையில் வாழையிலை சுற்றிக்கொண்டு, பெரிய பெண்ணின் தலையில் ஒரு கையால் பேன் பார்த்தாள். பர்மனென்ட் ஆனவன் செத்தால் பெண்டாட்டிக்குப் பென்ஷன் உண்டு என்று ஜெயம்மா சொன்னது அவள் காதில் இருந்தது. பள்ளம் சரிவதும் அவளுக்குத் தெரியும்.

திங்கட்கிழமை மூவரும் ஒரே பஸ்ஸில் போனார்கள். வேறு பஸ் இல்லை. முனிரத்தினத்தின் புருவத்தில் பிளாஸ்திரி. ஜெயச்சந்திரனின் உதடு வீங்கி மூக்கைத் தொட்டது. அவன் பின் சீட்டிலிருந்து எழுந்து வந்து அண்ணியின் பக்கத்தில் நின்றான்.

"அண்ணி, எரியுதா?"

"எரியாம?"

"உன்னத்தான கேப்பாங்க அங்க. நீ பொய் சொல்ல மாட்ட. எனுக்குத் தெரியும்."

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். நனைந்த மாந்தோப்புகள் ஓடின. எல்லா மரமும் ஒரே மரம் திரும்பத் திரும்ப வருவது போல இருந்தது.

திருப்பதி ஆபீஸ் இரண்டாவது மாடி. மொட்டையடித்துச் சந்தனம் பூசின யாத்திரிகர்களை ஏற்றிக்கொண்டு, கீழே ஷேர் ஆட்டோக்காரர்கள் திருச்சானூர் திருச்சானூர் என்று கத்துவது மேலே வரை கேட்டது. சரிபார்க்கும் அதிகாரி ஸௌரிராஜன் நெற்றியில் திருமண் துலங்க உட்கார்ந்திருந்தார். அவர் குடும்பம் தலைமுறையாக மலைமேல் பெருமாள் கைங்கரியம். இவர் ஒருவர்தான் டெலிபோனுக்கு வந்தவர். ரமணா பக்கத்தில் பைலோடு நின்றார். இரண்டு முகங்களையும் பார்த்துவிட்டு ஸௌரிராஜன் பேனாவை மூடினார்.

"யுத்தம் முடிஞ்சுதா, பாக்கி இருக்கா?"

முனிரத்தினம் புருவத்துப் பிளாஸ்திரியை அழுத்திவிட்டுக்கொண்டான்.

"குட்டியப்பன்கறது குடும்பப் பேரே இல்லை ரமணா. ஆத்துல ஆசையாக் கூப்பிடற பேரு. உங்க தெலுங்குல கேட்டதை இவா தமிழ்ல புரிஞ்சுண்டுட்டா." முனிரத்தினத்தைப் பார்த்தார். "உன்னை ஆத்துல எப்படிக் கூப்பிடுவா?"

"குட்டியப்பன்னுதான் சாமி."

"பொய்யி" என்றான் ஜெயச்சந்திரன். பல் போன இடத்தில் காற்று வந்தது. "என்னிய சாமி. எங்க அண்ணியக் கேளுங்க."

"சித்த சும்மா இரு. ரெண்டு பேரும் சாதிச்சா நான் சந்தேகம்னு எழுதிட்டு அடுத்த பேருக்குப் போயிடுவேன். சாட்சி யாரு? நீயாம்மா?"

தாட்சாயணி முன்னால் வந்தாள். கட்டின கையை முந்தானைக்குள் மறைத்திருந்தாள்.

"உங்காத்துக்காரர் பேர் என்ன?"

அவள் தலையைக் குனிந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பேரை அவள் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கூடக் கார்டைத்தான் நீட்டுவாள்.

ஸௌரிராஜனுக்கு அது பிடித்திருந்தது. "சொல்ல மாட்டே. எங்க அம்மாவும் சொன்னதில்லை. சரி, எனக்கு உன் சத்தியமெல்லாம் வேண்டாம். ஒரே ஒரு காரியம் பண்ணு. குட்டியப்பனை இங்கேர்ந்து ஒரு தரம் கூப்பிடு. வாயைத் திறந்து கூப்பிட்டா அவன் கொழுந்தன். கூப்பிடலைன்னா அவன் ஆம்படையான். அவ்வளவுதான் என் விசாரணை."

ஜெயச்சந்திரன் வீங்கின வாயோடு சிரித்தான். அந்த வீட்டில் ஒரு நாளைக்கு நூறு தடவை அவள் கூப்பிட்ட பேர் அது. "கூப்புடு அண்ணி."

தாட்சாயணி நிமிரவில்லை. மின்விசிறி கிறீச்சிட்டுச் சுற்றியது. அவள் முந்தானை நுனியை எடுத்து வாயருகே வைத்துக்கொண்டாள். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள். புருஷன் பேரைச் சொல்லச் சொன்னால் பெண்கள் எப்படித் திரும்புவார்களோ அப்படி.

"அண்ணி."

அவள் திரும்பவில்லை.

"அண்ணி, முந்தாநேத்துக் கூட கூப்ட. அடுப்புக்கு முன்னால. ரெண்டு தபா கூப்ட."

ஸௌரிராஜன் பேனா மூடியைத் திறந்தார்.

அப்போதுதான் ஜெயச்சந்திரனுக்குப் புரிந்தது. மேஜையில் காகிதங்கள் பறக்காமலிருக்க வைத்திருந்த கண்ணாடிக் குண்டைப் பற்றி எடுத்து அவளை நோக்கி ஓங்கினான். முனிரத்தினம் குறுக்கே பாய்ந்தான். குண்டு அவன் காதில் இறங்கியது. காதிலிருந்து ரத்தம் சட்டைக் காலருக்குள் ஓடியது. அவன் விடவில்லை. தம்பியின் இடுப்பைக் கட்டிப்பிடித்துத் தூக்கி, பாறையைப் புரட்டுகிறவன் போல் மூச்சுப் பிடித்து, இரும்பு பீரோவின் மேல் எறிந்தான். பின்மண்டை பீரோ மூலையில் பட்ட சத்தம் தேங்காய் உடைப்பது போல் இருந்தது. ஜெயச்சந்திரன் கால் மடங்கி உட்கார்ந்து, பிறகு சாய்ந்தான். விழுந்தவனை முனிரத்தினம் விலாவில் உதைத்தான். மறுபடியும் உதைத்தான். ரமணாவும் பியூனும் சேர்ந்து இழுத்த பிறகும் அவன் கால் காற்றில் உதைத்துக்கொண்டிருந்தது.

"நிறுத்துடா" என்றார் ஸௌரிராஜன். எழுந்து நின்றுவிட்டார். பேனா திறந்தபடியே கையில் இருந்தது. கையெழுத்து இன்னும் போடவில்லை.

பியூன் கூஜாவிலிருந்து தண்ணீர் அள்ளி ஜெயச்சந்திரனின் முகத்தில் அடித்தான். வெள்ளைத் தூள் ஒட்டிய புருவத்தில் நீர் நின்றது. மூச்சு இருந்தது, மெதுவாக, இடைவெளி விட்டு. கண் மட்டும் திறக்கவில்லை.

"ரமணா, ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணு" என்றார் ஸௌரிராஜன். ரமணா போனைச் சுழற்றினார்.

பியூன் தாட்சாயணியைப் பார்த்தான். "ஏம்மா, சொந்தக்காரிதான நீ? மயக்கத்துல போயிக்கினு கீறான். விடக் கூடாது. காதுகிட்ட பேரு சொல்லிக் கூப்புடு. பழகுன பேரா கூப்புட்டா திரும்பி வருவான்."

அவள் தரையில் உட்கார்ந்தாள். புண்பட்ட கையை அவன் தலைக்கு அடியில் கொடுத்தாள். வாழையிலைக் கட்டு ரத்தத்தில் நனைந்தது. குனிந்து அவன் காதுக்கு வாயைக் கொண்டுபோனாள். உதடு குவிந்து, நின்றது. தலையைத் தூக்கி ஸௌரிராஜனின் பேனாவைப் பார்த்தாள். சுவரோரம் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த கணவனைப் பார்த்தாள். மறுபடியும் குனிந்தாள்.

"ஜெயச்சந்திரா" என்றாள். "ஜெயச்சந்திரா, ஏந்திரி. ஜெயச்சந்திரா."

பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வருகைப் பதிவேட்டில் கூப்பிட்டதோடு சரி. வீட்டில் அந்தப் பேரில் அவனை யாரும் கூப்பிட்டதில்லை. வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்பது போல் அவன் அசையாமல் கிடந்தான்.